ஜன்னல் சீட்டில் ஒரு கழித்தல் கணக்கு

பகல் ரயிலில் எதிர் சீட்டுக்காரர் ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கும்போது அவருடைய கண்களை ஒரு நிமிடம் கவனியுங்கள். அவருக்குச் சங்கடம் இல்லாதபடி ஓரக்கண்ணால் பார்த்தால் போதும். கருவிழி இரண்டும் ஒரு பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு அதோடு மெதுவாகப் பின்னால் போகும். ஓரத்துக்குப் போனதும் வெடுக்கென்று முன்னால் குதித்து அடுத்த மரத்தைப் பிடிக்கும். மறுபடி நழுவும், மறுபடி குதிக்கும். பழைய தட்டச்சு இயந்திரத்தில் வரி முடிந்ததும் உருளையை ஒரே தள்ளாகத் தள்ளுவார்களே, அந்த மாதிரி. இது நொடிக்கு இரண்டு மூன்று முறை நடக்கிறது. ஆனால் அவரிடம் கேட்டால், சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறேன் என்றுதான் சொல்வார். கண் குதிப்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

ராபர்ட் பாரானி என்ற ஆஸ்திரியக் காது மருத்துவர் நூறாண்டுகளுக்கு முன்பே இதை 'ரயில் நிஸ்டாக்மஸ்' என்று எழுதினார் (நிஸ்டாக்மஸ் என்றால் கண் தானாக நழுவிக் குதிப்பது). கண் மருத்துவர்களுக்கு இது கைகொடுக்கும் அசைவு. பேசத் தெரியாத கைக்குழந்தைக்குப் பார்வை இருக்கிறதா என்று பார்க்க, கோடு போட்ட உருளை ஒன்றை அதன் முன்னால் மெல்லச் சுற்றுவார்கள். கண் நழுவிக் குதித்தால் கோடுகள் தெரிகின்றன என்று பொருள். கண் தெரியவில்லை என்று பொய் சொல்லும் பெரியவர்களும் இதே உருளையின் முன் மாட்டிக்கொள்வதுண்டு. இந்தக் குதிப்பை அடக்கிவைப்பது லேசான காரியமில்லை.

சரி, ரயிலை விட்டு வீட்டு மொட்டை மாடிக்கு வருவோம். ஒரு காகம் இடமிருந்து வலமாகப் பறக்கிறது. நீங்கள் அதைக் கண்ணால் தொடர்கிறீர்கள். இப்போது விழித்திரையில் என்ன நடக்கிறது? கண் காகத்தோடு சேர்ந்தே திரும்புவதால் காகத்தின் பிம்பம் நடுவில் அப்படியே நிற்கிறது. பின்னாலிருக்கும் தண்ணீர்த் தொட்டி, தென்னை, எதிர்வீட்டுச் சுவர் எல்லாம் விழித்திரையின் மேல் எதிர்ப்பக்கமாக வழுக்கி ஓடுகின்றன. விழித்திரையை மட்டும் நம்பினால் காகம் அந்தரத்தில் நிற்க வேண்டும், ஊர் ஓட வேண்டும். நமக்குத் தெரிவதோ நேர்மாறு. ஊர் நிற்கிறது, காகம் பறக்கிறது.

அப்படியானால் விழித்திரையில் பதியும் நகர்வை மூளை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. கண் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் திரும்பியது என்பதைக் கணக்கில் சேர்த்து, கண்ணால் வந்த நகர்வைக் கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் 'வெளியே நடந்தது' என்று நமக்குக் காட்டுகிறது. கண் திரும்பியது மூளைக்கு எப்படித் தெரியும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அதற்கு முன், கண் எப்படியெல்லாம் அசைகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் இடம் மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கினால் நகம் மறைக்கும் அளவுதான். அதனால் பார்க்க வேண்டியதையெல்லாம் அந்தச் சின்ன இடத்துக்குக் கொண்டுவரக் கண் ஓயாமல் தாவிக்கொண்டே இருக்கிறது. படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தத்தித் தத்திப் போகிறது என்பது 1870களின் கடைசியில் பாரிஸில் எமில் ஜவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் தெரியவந்தது. அந்தத் தாவலுக்கு வழங்கும் 'சக்காட்' என்ற பிரெஞ்சுச் சொல், குதிரையின் கடிவாளத்தை வெடுக்கென்று இழுப்பதைக் குறிப்பது. நொடிக்குச் சுமார் மூன்று தாவல்கள். பெரிய தாவலில் கண் நொடிக்கு 500 டிகிரி வேகத்தையும் தாண்டுகிறது. ஒரு தாவலுக்கு சராசரியாக 40 மில்லிநொடி என்று வைத்துக்கொண்டு, விழித்திருக்கும் 16 மணி நேரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். ஒரு நாளில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நம் கண் பறந்துகொண்டே இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரமும் நம் நினைவில் இல்லை.

கண்ணாடி முன்னால் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், அப்புறம் வலது கண்ணை. மாறி மாறிப் பாருங்கள். கண் நகர்வதை உங்களால் பார்க்கவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு அது பளிச்சென்று தெரியும். ஜெர்மனியில் பென்னோ எர்ட்மன், ரேமண்ட் டாட்ஜ் இருவரும் 1898-இல் இந்தக் கண்ணாடி விஷயத்தை எழுதிவைத்தார்கள். அவர்களிடம் செல்போன் இல்லை. செல்ஃபி கேமராவில் இதையே செய்தால் சிலருக்குத் தங்கள் கண் தாவுவது தெரிந்துவிடும். திரையில் வரும் படம் ஒரு கணம் தாமதமாக வருவதால், தாவி முடித்த கண், தான் தாவியதைத் தானே வேடிக்கை பார்க்கிறது.

தாவும்போது பார்வை மங்கலாக இழுபட வேண்டுமே, ஏன் தெரியவில்லை? இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தாவலுக்கு முன்னும் பின்னும் கிடைக்கும் தெளிவான படங்கள் இடையிலிருக்கும் மங்கலை அமுக்கிவிடுகின்றன. கேம்ப்பெல், வுர்ட்ஸ் என்ற இருவர் 1978-இல் இதைக் காட்டினார்கள். இருட்டறையில் கண் தாவும் அந்தச் சில மில்லிநொடிகளுக்கு மட்டும் விளக்கைப் போட்டார்கள். முன்னும் பின்னும் ஒன்றும் இல்லாததால் அந்த இழுபட்ட மங்கல் அப்படியே தெரிந்தது. இரண்டாவது, தாவும் நேரத்தில் நகர்வை உணரும் நரம்புப் பாதையின் கூர்மையை மூளையே குறைத்துக்கொள்கிறது. இது பர், மொரோனே, ராஸ் மூவரும் 1994-இல் வெளியிட்ட முடிவு.

ஆனால் முழுக் குருடு என்று நினைத்துவிட வேண்டாம். மறுபடி ரயிலுக்குப் போவோம். ஜன்னலிலிருந்து பக்கத்துத் தண்டவாளத்தைக் குனிந்து பாருங்கள். ஜல்லியும் சிலீப்பர் கட்டைகளும் ஒரே சாம்பல் நிற இழுப்பாகத்தான் தெரியும். இப்போது ஜல்லி ஓடும் பக்கமாகவே, அதாவது ரயிலின் பின்பக்கமாக, கண்ணை வெடுக்கென்று திருப்புங்கள். ஒரு நொடியின் துணுக்கில் ஜல்லிக் கற்கள் தனித்தனியாக, படம் பிடித்து மாட்டியதுபோல நின்று தெரியும். கண்ணின் தாவல் வேகமும் ஜல்லியின் ஓட்டமும் அந்தக் கணத்தில் ஒத்துப்போவதால் விழித்திரையில் படம் நிற்கிறது. சின்ன வயதில் இதை ஏதோ எனக்கு மட்டும் இருக்கும் சக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபிரான்சின் எரிக் காஸ்டே, கியோம் மாசோன் இருவரும் 2000-இல் கோடுகளைத் திரையில் படுவேகமாக ஓடவிட்டு இதைத்தான் செய்தார்கள். சும்மா பார்த்தால் கோடுகள் கலந்து ஒன்றும் தெரியாது. அதே பக்கமாகக் கண் தாவும்போது மட்டும் அவை நகர்வது தெரிந்தது.

இனி அந்தக் கழித்தல் கணக்குக்கு வருவோம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணின் வெளி ஓரத்தில் இமைக்கு மேலாகச் சுண்டுவிரலால் மிக லேசாகத் தட்டுங்கள். (கண்ணில் அறுவை செய்தவர்கள், கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்கள் வேண்டாம்.) அறை முழுக்க அதிர்ந்து குலுங்கும். இப்போது விரலை எடுத்துவிட்டு அதே அளவுக்குக் கண்ணை நீங்களே திருப்புங்கள். அறை அசையாது. விழித்திரையில் நடந்தது இரண்டு தடவையும் ஒன்றேதான். முதல் தடவை கண்ணைத் திருப்பச் சொல்லி மூளை ஆணை எதுவும் போடவில்லை, இரண்டாவது தடவை போட்டது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மன் அறிவியலாளர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான், கண் போன இடத்தை மூளை தன் சொந்த முயற்சியைக் கொண்டே அறிகிறது என்று வாதாடினார்.

இன்னொரு சோதனை இதைவிட அழகு. ஒரு பல்பைச் சில நொடி பார்த்துவிட்டு விளக்கை அணையுங்கள். இருட்டில் கண்ணுக்குள் அந்த ஒளிப் பொட்டு மிதக்கும். அது விழித்திரையில் ஒட்டிய தழும்பு, அங்கே நகரவே முடியாது. ஆனால் கண்ணைத் திருப்பினால் பொட்டும் இருட்டில் அந்தப் பக்கம் நகர்கிறது. விரலால் கண்ணைத் தள்ளினாலோ பொட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். அதாவது, விழித்திரையில் நகர்வு சுழியமாக இருந்தாலும் ஆணை இருந்தால் நகர்வு தெரிகிறது, ஆணை இல்லாவிட்டால் தெரிவதில்லை.

கண்ணின் தசைகள் இழுபடுவதைக்கொண்டு மூளை தெரிந்துகொள்கிறது என்று எதிர்வாதம் செய்தவர்களும் உண்டு. ஆங்கிலேய உடலியலாளர் ஷெரிங்டன் அந்தக் கட்சி. 1960-இல் பிரின்ட்லி, மெர்ட்டன் என்ற இருவர் கொஞ்சம் நெஞ்சழுத்தமாகவே இதைச் சோதித்தார்கள். கண்ணை மரத்துப்போகச் செய்து, எதுவும் தெரியாதபடி மூடி, இடுக்கியால் கண்ணைப் பிடித்து இப்படியும் அப்படியும் இழுத்தார்கள். கண் திரும்பியதே அவர்களுக்குத் தெரியவில்லை. தசையிலிருந்து சேதி போகாமல் இல்லை. அந்தச் சேதியால் மட்டும் மூளை உடனடிக் கணக்குப் போடுவதில்லை. இதற்கு வெகு காலம் முன்பே ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார். கண்ணை ஒரு பக்கமாகத் திருப்பி, மறுபக்கத்தில், ஜன்னலுக்குக் கண்ணாடி போடுபவர் மக்கு (புட்டி) வைத்து அடைப்பதைப்போல அடைத்து, கண் திரும்ப முடியாதபடி செய்துகொண்டு, திருப்ப முயன்றார். கண் நகரவில்லை, ஆனால் காட்சி அந்தப் பக்கம் பெயர்ந்தது. ஆணை போட்டாயிற்று, கண் போகவில்லை, கணக்கில் மட்டும் கழிக்கப்பட்டுவிட்டது.

1950-இல் எரிக் ஃபான் ஹோல்ஸ்ட், ஹோர்ஸ்ட் மிட்டல்ஷ்டெட் என்ற இரு ஜெர்மானியர்கள் ஒரு பூ ஈயின் தலையைக் கழுத்தோடு திருப்பி, தலைகீழாக ஒட்டினார்கள். ஈ சும்மா நிற்கும்வரை ஒன்றுமில்லை. ஓர் அடி எடுத்து வைத்ததும் கிறுகிறுவென்று வட்டமடிக்க ஆரம்பித்தது, நிறுத்தவே முடியவில்லை. இருட்டில் விட்டால் ஒழுங்காக நடந்தது. அவர்கள் சொன்ன விளக்கம் இது: ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் போகும்போது அதன் கார்பன் காப்பி ஃபைலுக்குப் போகும் இல்லையா, அப்படி ஒவ்வொரு அசைவு ஆணைக்கும் ஒரு நகல் பார்வைப் பகுதிக்குப் போகிறது. வரும் காட்சி நகலோடு பொருந்தினால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். தலைகீழான கண்ணில் கழிப்பதற்குப் பதில் கூட்டிக்கொண்டது. ஈ தான் திரும்பியதைச் சரிசெய்வதாக நினைத்து மேலும் மேலும் திரும்பியது. அதே ஆண்டில் அமெரிக்காவில் ராஜர் ஸ்பெரி, கண்ணை அறுவையால் திருப்பிவைத்த மீன்கள் வட்டமடிப்பதைப் பார்த்து, தனியாகவே இதே முடிவுக்கு வந்தார்.

இந்த நகல் எந்த வழியாகப் போகிறது என்பது குரங்குகளில் கொஞ்சம் தெளிவானது. மார்க் சாமர், ராபர்ட் வுர்ட்ஸ் இருவரும் 2002-இல், நடுமூளையிலிருந்து, மூளைக்குள் சேதிகளைக் கைமாற்றிவிடும் தலாமஸ் என்ற பகுதி வழியாக, நெற்றிப்பகுதிக்குப் போகும் பாதையை மருந்தால் தற்காலிகமாக அடைத்தார்கள். குரங்கின் முதல் தாவலில் கோளாறு இல்லை. அடுத்தடுத்து இரண்டு தாவல் செய்ய வேண்டி வந்தபோது இரண்டாவது இடம் பிசகியது. முதல் தாவலில் கண் எங்கே போனது என்பது கணக்கில் சரியாக ஏறவில்லை.

நகல் இல்லாமல் ஒரு மனிதர் எப்படி இருப்பார்? ஜெர்மனியின் ட்யூபிங்கனில் தாமஸ் ஹார்மையர், பீட்டர் தீர் குழுவினர் 1997-இல் அப்படி ஒருவரைப் பற்றி எழுதினார்கள். மூளையின் பின்பகுதியில் இருபுறமும் சேதம். அவருடைய கண் அசைவில் பிசகில்லை. அசையாமல் நிலைகுத்திப் பார்த்தால் நகர்வை உணர்வதிலும் குறையில்லை. ஆனால் நகரும் ஒன்றைக் கண்ணால் தொடர்ந்தால் உலகமே எதிர்ப்பக்கம் ஓடியது, தலை சுற்றியது. அவர் நம் மொட்டை மாடியில் நின்று காகத்தைப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டி ஓடுவதைத்தான் பார்ப்பார்.

நம் எல்லாருக்கும் இந்தக் கணக்கு துல்லியமாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. கண் தொடரும் வேகத்தை மூளை கொஞ்சம் குறைத்தே மதிப்பிடுகிறது. அதனால் இரண்டு சின்னத் தப்புகள். சாலையோரம் நின்று ஒரு கம்பத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது கடந்துபோகும் பஸ், கண்ணால் தொடர்ந்து பார்க்கும் அதே வேக பஸ்ஸைவிட விரைவாகத் தெரியும். இதை 1880களில் ஃபிளைஷ்ல், ஆபெர்ட் இருவரும் கவனித்தார்கள். இரண்டாவதை ஃபிலேனே 1922-இல் எழுதினார்: நகரும் பொருளைத் தொடரும்போது, நிற்கும் பின்புலம் லேசாக எதிர்ப்பக்கம் நகர்வதுபோலத் தெரியும். சொன்ன பிறகு கவனித்தால்தான் பிடிபடும். கழிக்க வேண்டியதில் ஓரணா குறைத்துக் கழித்தால் மிச்சம் அந்த அளவு தப்பாகத்தானே வரும்.

தட்டாமாலை சுற்றிவிட்டு நின்ற பிள்ளைக்கு உலகம் சுற்றுவது வேறு வகைத் தப்பு. இதில் காது வருகிறது. உட்காதின் அரைவட்டக் குழல்களில் இருக்கும் திரவம், தலை திரும்புவதை உணர்ந்து, கண்ணை எதிர்ப்பக்கம் அதே அளவு திருப்பிவிடுகிறது. கையை நீட்டிப் போனைப் பிடித்துக்கொண்டு, தலையை 'வேண்டாம், வேண்டாம்' என்று வேகமாக ஆட்டுங்கள். எழுத்து படிக்க முடியும். தலையை நிறுத்திவிட்டு அதே வேகத்தில் போனை ஆட்டுங்கள், ஒன்றும் படிக்க முடியாது. காது வழியாகக் கண்ணுக்குப் போகும் பாதை நொடியில் நூறில் ஒரு பங்கில் வேலையை முடிக்கிறது. கண்ணால் பார்த்துத் தொடர்வதற்கு அதைப்போல் பத்து மடங்கு நேரம் வேண்டும். சுற்றி நின்ற பிள்ளையின் காதில் திரவம் உடனே நிற்பதில்லை. காது 'இன்னும் திரும்புகிறாய்' என்று பொய் சொல்ல, கண் நழுவிக் குதிக்கிறது, ரயில் பயணியின் கண்ணைப்போலவே. இந்த நழுவல் எந்த ஆணையின் பேரிலும் நடக்காததால் கழிபடுவதில்லை. விரலால் தட்டியபோது அறை குலுங்கிய அதே கதை. பிள்ளை சிரித்துக்கொண்டே விழுகிறது.

அந்தக் காது முழுதாகப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1952-இல் ஒரு மருத்துவ இதழில் தன் அனுபவமாகவே எழுதினார். காசநோய்க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி அவருடைய உட்காதைக் கெடுத்துவிட்டது. தெருவில் நடந்தால் எதிரே வருபவரின் முகம் குலுங்கும், யாரென்று தெரிய அவர் நிற்க வேண்டும். படுக்கையில் புத்தகம் படிப்பதுகூடச் சிரமம். நாடித் துடிப்புக்குத் தலை அசைவதே எழுத்தை ஆட்டிவிட்டது. கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகளுக்கு நடுவே தலையை அழுத்தி வைத்துக்கொண்டு படித்தார். நம் தலை ஒவ்வொரு துடிப்புக்கும் அவ்வளவு ஆடுகிறது. காது அதைச் சத்தமில்லாமல் சமாளித்துக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் ஒரே இடத்தில், அரை நொடிக்குள் பார்க்க வேண்டுமானால் கிரிக்கெட் மைதானத்துக்குத்தான் போக வேண்டும்.

"பாலைக் கடைசி வரைக்கும் பாரு" என்று சொல்லாத கோச் கிடையாது. ஆனால் அது முடியாத காரியம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பந்து மணிக்கு 140 கிலோமீட்டரில் வருகிறது, நொடிக்குச் சுமார் 39 மீட்டர். பந்து போகும் கோடு உங்கள் கண்ணிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பந்து 10 மீட்டரில் இருக்கும்போது அதைத் தொடரக் கண் நொடிக்குச் சுமார் 22 டிகிரி திரும்ப வேண்டும். அது கண்ணுக்குச் சுலபம். 5 மீட்டரில் 86 டிகிரி. இங்கேயே கண் தடுமாற ஆரம்பித்துவிடும், ஏனென்றால் வழுக்கியபடி தொடரும் அசைவு 30, 40 டிகிரிக்கு மேல் போனாலே பின்தங்கத் தொடங்கும். 3 மீட்டரில் 220 டிகிரியைத் தாண்டிவிடும். பக்கத்தில் கடக்கும் கணத்தில் 2000-க்கும் மேல். கடைசி மூன்று மீட்டரைப் பந்து கடக்க 80 மில்லிநொடிகூட ஆவதில்லை. அந்த நேரத்தில் கண் ஒன்றும் செய்துவிட முடியாது, கையும் முடியாது.

பிறகு எப்படி அடிக்கிறார்கள்? இங்கிலாந்தில் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியாட் இருவரும் மூன்று பேட்ஸ்மேன்களின் தலையில் கண்ணைப் படம்பிடிக்கும் கேமராவை மாட்டி, பந்துவீச்சு இயந்திரத்தின் முன் நிறுத்தினார்கள். ஒருவர் தொழில்முறை ஆட்டக்காரர், ஒருவர் நல்ல கிளப் ஆட்டக்காரர், ஒருவர் சுமார் ரகம். முடிவு 2000-இல் வந்தது. மூவருமே பந்தைத் தொடர்ந்துகொண்டே வரவில்லை. பந்து வெளியே வரும் கணத்தைப் பார்த்தார்கள், அப்புறம் பந்தை விட்டுவிட்டு, அது பிட்ச் ஆகப்போகும் இடத்துக்குக் கண்ணைத் தாவவிட்டு அங்கே காத்திருந்தார்கள். பந்து வந்து குத்தியதும் அங்கிருந்து மறுபடி பிடித்துக் கொஞ்ச தூரம் தொடர்ந்தார்கள். தேர்ந்தவரின் கண் சீக்கிரம் தாவியது, சுமார் ரகத்தின் கண் தாமதித்தது. பந்து கிளம்பிய முதல் கணத்தின் நகர்விலிருந்தே எங்கே, எப்போது குத்தும் என்று கணித்துவிடுகிற வேகம்தான் அவர்களைப் பிரித்தது.

அதற்கு முன், 1987-இல், மெக்லியாட் இன்னொன்று செய்தார். பந்து குத்தும் இடத்தில் விரித்த பாய்க்கு அடியில் மரக்குச்சிகளைச் செருகிவைத்து, பந்து குத்திய பிறகு எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாதபடி ஆக்கினார். ஆடியவர்கள் சர்வதேச வீரர்கள். அவர்களுக்கும் பாதை மாறியதைப் பார்த்து மட்டையைத் திருத்த ஏறக்குறைய 200 மில்லிநொடி பிடித்தது, நமக்கு ஆகும் நேரம்தான். பெரிய ஆட்டக்காரருக்குக் கண் வேகமாக வேலை செய்கிறது என்று டிவியில் சொல்வதை நான் அதிலிருந்து நம்புவதை விட்டுவிட்டேன். அவருக்கு முன்கூட்டியே தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவில் டேவிட் மேன் குழுவினர் 2013-இல் முதல்தர பேட்ஸ்மேன்களிடம் கண்டது இதற்கு அடுத்த அத்தியாயம். அவர்கள் பந்தைத் தொடர்வது கண்ணால்கூட இல்லை, தலையால். தலைக்கு நேராகப் பந்து எப்போதும் ஒரே திசையில் இருக்கும்படி தலையைத் திருப்பிக்கொண்டே வருகிறார்கள். கண் மட்டும் அந்தத் தலைக்குள்ளிருந்து முன்னே தாவுகிறது, முதலில் பிட்ச் ஆகும் இடத்துக்கு, பிறகு மட்டை பந்தைச் சந்திக்கும் இடத்துக்கு. தலை திரும்பும்போது எதிர்ப்பக்கம் திருப்பிவிடும் அந்தக் காதின் வேலையை இவர்கள் வேண்டும்போது அடக்கிவைக்கிறார்கள் என்றும் இதற்குப் பொருள். பாலைக் கடைசி வரைக்கும் பாரு என்று சொல்லும் கோச் தலையைப் பற்றிச் சொல்கிறார் என்றால் அவர் சொல்வது சரி.

மைதானத்தை விட்டு டிவிக்கு வருவோம். செய்தி சேனலில் கீழே ஓடும் ஸ்க்ரோல் எழுத்து ஏன் எப்போதும் லேசாக அழிந்தாற்போலத் தெரிகிறது? பெரும்பாலான டிவி நொடிக்கு 60 படம் காட்டுகிறது. ஒவ்வொரு படமும் 16.7 மில்லிநொடி அசையாமல் திரையில் நிற்கிறது. ஆனால் உங்கள் கண் எழுத்தோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டே போகிறது. திரையில் நிற்கும் எழுத்து, நகரும் கண்ணில் இழுபடுகிறது. எழுத்து நொடிக்கு ஆயிரம் பிக்சல் ஓடினால் இழுப்பு சுமார் 17 பிக்சல். போனில் படமெடுத்துக் காட்டி டிவிக்காரரிடம் சண்டை போட்டும் பயனில்லை, படத்தில் எழுத்து ஏறக்குறையத் தெளிவாகவே இருக்கும், ஏனென்றால் போன் அதைத் தொடரவில்லை. பழைய குண்டு டிவியில் ஒவ்வொரு புள்ளியும் மின்னி அணைந்துவிடும், நகரும் கண்ணில் இழுபட நேரமே இருக்காது. எடை போட்டுக் காயலான் கடைக்குப் போன அந்தப் பெட்டியில் கிரிக்கெட் பந்து இன்றைய டிவியைவிடத் தெளிவாக ஓடியது என்று அப்பா சொன்னால், அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 120 படம் காட்டும் போன்கள் பாதி இழுப்பைக் குறைக்கின்றன.

வாட்ஸ்அப்பில் ஒரு வண்ணச் சுருள் படம் வந்திருக்கும். இது நகர்வதாகத் தெரிந்தால் உங்களுக்கு மன அழுத்தம், ஜப்பானிய நிபுணர் சொன்னது என்று கீழே எழுதியிருப்பார்கள். எங்கள் குடும்பக் குழுவில் மூன்று சித்திமார்கள் பயந்துபோனார்கள். அந்தப் படத்தை வரைந்தவர் யூரி பெரெபாடியா என்ற உக்ரைன் ஓவியர். மன அழுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவரே விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் பயன்படுத்திய உத்தி ஜப்பானின் அகியோஷி கிடாவோகா 2003-இல் வெளியிட்ட சுழலும் பாம்புகள் படத்தில் பெயர் பெற்றது. 2012-இல் சூசானா மார்டினெஸ்-கோண்டே குழு, பாம்புகள் சுழல்வதாகத் தெரியும் கணங்களையும் பார்ப்பவர் கண்ணின் நுண்தாவல்களையும் ஒப்பிட்டார்கள். கண் சிமிட்டும்போதும் தாவும்போதும்தான் சுழற்சி கிளம்பியது. ஒரு புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் பாம்புகள் அடங்கிவிடும். சித்திமார்களுக்கு இதைச் செய்துகாட்டிய பிறகுதான் சமாதானம் ஆனார்கள்.

கடைசியாக ஒன்று. இதை இரவில் காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது பாருங்கள், ஓட்டும்போது வேண்டாம். முன்னால் போகும் சில வண்டிகளின் எல்இடி பின்விளக்கு தொடர்ந்து எரிவதில்லை. வெளிச்சத்தைக் குறைக்க நொடிக்குச் சில நூறு முறை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். உற்றுப் பார்த்தால் தெரியாது. விளக்கைத் தாண்டிக் கண்ணை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வெடுக்கென்று தாவவிட்டால், இருட்டில் சிவப்புப் புள்ளிகள் ஒரு வரிசையாக, மணி கோத்ததுபோலத் தெரியும். நொடிக்கு 300 டிகிரி தாவல், 200 முறை மின்னல் என்றால் புள்ளிக்குப் புள்ளி ஒன்றரை டிகிரி, நீட்டிய கட்டைவிரலின் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவு.

வரிசை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்று கவனியுங்கள். அமெரிக்க உளவியலாளர் வேய்ன் ஹெர்ஷ்பெர்கர் 1987-இல் இருட்டறையில் ஒரே ஒரு மின்னும் விளக்கை வைத்து இதைக் கேட்டார். கண் வலப்பக்கம் தாவினால் விழித்திரையில் விளக்கின் பிம்பம் இடப்பக்கம் ஓடும். அதன்படி வரிசை விளக்கிலிருந்து கிளம்பி இடப்பக்கம் போக வேண்டும். தெரிவதோ வேறு மாதிரி. முதல் புள்ளியே வலப்பக்கம் தள்ளித் தோன்றுகிறது, அங்கிருந்து வரிசை விளக்கை நோக்கித் திரும்பி வருகிறது. கண் கிளம்புவதற்கு முன்பே, அது போகப்போகும் இடத்துக்கு மூளை கணக்கை மாற்றி எழுதிவிட்டது. நகல் ஃபைலில் ஏறிய பிறகுதான் கடிதம் தபாலில் போகிறது.